வெள்ளைத்தூணின் நான்காம் பெயர்

செபமாலையம்மாளுக்கு எழுபத்து நான்கு வயது. இடது உள்ளங்காலில் சர்க்கரைப் புண். செவ்வாயும் வெள்ளியும் அவள் வீட்டுக்குப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றுவது என் வேலை. அதிகம் நடக்கக் கூடாது, ஈரத்தில் கால் வைக்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அவளும் தலையாட்டுவாள். அடுத்த தடவை போனால் கட்டு முழுக்கச் சேறு. எங்கே போய் வந்தாள் என்று கேட்கவே வேண்டாம். மஞ்சனமேடு ஜங்ஷனில் நிற்கும் தூணைப் பார்க்கப் போயிருப்பாள்.

மஞ்சனமேடு கேரளப் பக்கத்தில், கம்பம்மெட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். மூன்று ரோடு கூடுகிற இடம். ரேஷன் கடை, இரண்டு பேக்கரி, ஏலக்காய் வாங்கும் கடை, ஜீப் ஸ்டாண்டு. அதற்கு நடுவே, கொஞ்சம் ஓரம் தள்ளி, ஒன்றரை ஆள் உயரத்தில் ஒரு வெள்ளைத்தூண். புதிதாக வருகிறவர்கள் சிலுவை உடைந்து விழுந்த குருசடி என்று நினைப்பார்கள். சர்வேக்கல் என்று சொன்னவர்களும் உண்டு. அது போரில் இறந்த நான்கு பட்டாளத்துக்காரர்களின் நினைவுத்தூண் என்பது பழைய ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு பேரும் இந்தப் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள். இரண்டு பேர் 1965 போரில் இறந்தார்கள். மூன்றாமவர் 1971 டிசம்பரில். நான்காமவர் செபமாலையின் கணவர் சூசையப்பன். கல்யாணம் முடிந்து நாற்பது நாள் லீவில் இருந்தார், திரும்பிப் போனார், அதே போரில் கண்ணிவெடியில் கால் போயிற்று. மூன்று மாதம் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் கிடந்து 1972 மார்ச்சில் இறந்தார். வடக்கே எங்கோ பட்டாளத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டார்கள். இங்கே வந்தது தந்தி ஒன்றுதான். அதையும் எஸ்டேட் கிளார்க் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. செபமாலைக்கு அப்போது இருபத்து மூன்று வயது, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு.

மறுவருஷம் தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து அந்தத் தூணைக் கட்டினார்கள். ஆற்றிலிருந்து கல் சுமந்தவர்களில் செபமாலையும் ஒருத்தி. ஒரு பக்கத்தில் சிமெண்டுப் பலகை பதித்து, அது காய்வதற்குள் கொத்தனார் கரண்டி நுனியால் நான்கு பெயரையும் எழுதினார். திறந்து வைக்க ஒரு கர்னல் வந்தார். வருகிற வழியில் அவருடைய ஜீப் பள்ளத்துச் சேற்றில் மாட்டிக்கொண்டது. கூடியிருந்த அத்தனை பேரும் விழாவை விட்டுவிட்டு ஜீப்பைத் தள்ளப் போனார்கள். கர்னல் பேசியது ஒருவருக்கும் நினைவில்லை. ஜீப் தள்ளியதை இன்றைக்கும் சொல்வார்கள்.

எங்கள் எஸ்டேட்டுகளில் கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய வாரமே புல் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். அன்றைக்குப் பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, பொரி தூவுவார்கள். வெள்ளையடிக்காத கல்லறை என்றால் ஆளில்லாத கல்லறை என்று அர்த்தம். அது குடும்பத்துக்கே கேவலம்.

இந்த நான்கு வீட்டுக்கும் கல்லறை இல்லை. 1973 நவம்பரில் இரண்டு அம்மாக்கள், ஒரு அக்காள், ஒரு மனைவி என்று நான்கு பேர் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போய்விட்டார்கள். யாரும் சொல்லிப் போகவில்லை. அதில், இறந்த நால்வரில் ஒருவரான பிச்சைமணியின் அம்மா அழகுத்தாய் சாமி கும்பிடுகிறவள். அவளுக்கும் கல்லறைத் திருநாளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையும் வாளியுமாக வந்தாள். மற்றவர்கள் மெழுகுதிரி ஏற்றினார்கள், அவள் அகல் ஏற்றினாள்.

முதல் வருஷம் பெயர்ப் பலகையை விட்டுவிட்டு மற்ற இடத்துக்கு அடித்தார்கள். மழையில் பலகை பாசி பிடித்துக் கறுத்துப்போனது. வெள்ளைத் தூணில் அந்த ஒரு பக்கம் மட்டும் அசிங்கமாகத் தெரிந்தது. மறுவருஷம் அதன் மேலும் ஒரு பூச்சு இழுத்துவிட்டார்கள். நான்கு பேருக்கும் எழுத்து தெரியாது. எழுத்து மறைந்துபோகுமே என்று தோன்ற, எழுத்து கண்ணில் பட்டிருக்க வேண்டும் அல்லவா?

அழகுத்தாய் செத்தாள். மற்ற இரண்டு பேர் கம்பத்துக்கும் போடிக்கும் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். தொண்ணூறுகளிலிருந்து செபமாலை ஒருத்திதான். மழைக்குக் கரையாமல் இருக்கச் சுண்ணாம்பில் கஞ்சித்தண்ணியும் ஒரு பிடி உப்பும் சேர்ப்பாள். இரண்டு சொட்டு நீலமும் உண்டு. ஒரு வருஷம்கூடத் தப்பவில்லை. கொரோனா வருஷத்தில் போலீஸ்காரர் ஒருவர் ஜங்ஷனில் நிறுத்தி, கூட்டம் கூடக் கூடாது என்றிருக்கிறார். "நான் ஒருத்தி, தூண் ஒண்ணு. இதுல கூட்டம் எங்கய்யா இருக்கு? நான் மாஸ்க் போட்டுருக்கேன். தூணுக்கும் போடணுமா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மற்றபடி அவள் வாழ்க்கை ஏலக்காட்டில் போனது. நாற்பத்தொரு வருஷம் காய் எடுத்தாள். 1984இல் பெண்களுக்கு மழைக்கோட்டு கேட்டுப் பதினோரு நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது ஆபீஸ் வாசலில் முதல் வரிசையில் உட்கார்ந்தவள் அவள்தான். கோட்டு வந்தது. ஏன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். "பொண்ணு பாக்க வந்தாக. மாப்பிள்ளை காலையிலயே குடிச்சிருந்தான். காப்பியக் குடுத்து அனுப்பிட்டேன்" என்றாள். அதற்கு மேல் அதில் விஷயம் இல்லை.

2023 ஜூலையில் ஜங்ஷனை அகலப்படுத்தப்போவதாக நோட்டீஸ் வந்தது. வார்டு மெம்பர் ஜோமோள் ஒரு செவ்வாய்க்கிழமை செபமாலையின் வீட்டுக்கு வந்தாள். நான் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஜோமோள் மலையாளக்காரி. தமிழும் பேசுவாள், இரண்டும் கலந்துதான்.

"அம்மச்சி, ஞான் எந்து செய்யும்? இடிக்கிற லிஸ்ட்டுல தூணும் உண்டு. கையேற்றம்னு எழுதியிருக்காங்க" என்றாள். ரோட்டுப் புறம்போக்கை ஆக்கிரமித்துக் கட்டியது என்று அர்த்தம்.

"யார் ஏறுனது? தூணா?"

"பழைய ரிக்கார்டு ஒண்ணும் இல்ல அம்மச்சி. எஸ்டேட் மூணு கை மாறியாச்சு. தூண்ல ஒரு எழுத்தும் இல்ல. இது போர் நினைவுச்சின்னம்னு எப்படிச் சொல்றது? செப்டம்பர் இருபதுக்கு ஹியரிங். அதுக்குள்ள தெளிவு வேணும்."

அவளோடு ரிட்டயர்டு ஹவில்தார் சுடலையும் வந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஜங்ஷனில் பேக்கரி வைத்திருக்கிறார், முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குச் செயலாளர். தூண் போனால் போகட்டும், சங்க ஆபீஸ் முன்னால் கறுப்பு கிரானைட்டில் புதிதாக ஒன்று வைக்கலாம் என்பது அவர் யோசனை.

"யக்கா, கோவிச்சுக்கிடாதீக. அதப் பாத்தா பட்டாளத்துச் சின்னம் மாதிரியா இருக்கு? சுண்ணாம்புக் காளவாசல்ல இருந்து உருண்டு வந்தது மாதிரில்லா இருக்கு."

"நான் அதுக்குக் கல்லு சுமக்கையில நீ டவுசர் இல்லாம நின்னவன்டே. நீ எனக்குச் சொல்லுதியா?"

"டவுசர் இருந்துச்சு. பொத்தான்தான் இல்ல." சுடலை விட்டுக்கொடுக்கவில்லை. "புதுக் கல்லுல பேரு பொன் எழுத்துல வரும். லிஸ்ட்டு எடுத்தாச்சு."

"எங்க வீட்டுக்காரர் பேரு உண்டா?"

சுடலை தொண்டையைச் செருமினார். "மூணு பேரு இருக்கு. லிஸ்ட்டு போர் நடந்த நாளுக்குள்ள செத்தவுகளுக்கு மட்டும்தான். அண்ணன் பொறவு ஆஸ்பத்திரியில... அது வேற கணக்குல வரும்க்கா. கமிட்டி தீர்மானம்."

"வெடியில கால் போனது போர் நடந்த நாள்லதான? உயிர் மட்டும் மெதுவாப் போனா அது குத்தமா?"

சுடலைக்குக் கோபம் வந்தது. "பழைய பலகையில நாலு பேரும் இருந்துச்சுன்னு சொல்லுதாக. அதக் காட்டினா கமிட்டி ஒத்துக்கிடும். எங்க காட்ட? நீங்கதான அம்பது வருசமா சுண்ணாம்ப அடிச்சு அடிச்சு மூடினது. பட்டாளத்துல இதுக்கு சார்ஜ்ஷீட்டு குடுப்பாக."

"குடு. எனக்குப் படிக்கத் தெரியாது. வாசிச்சும் காட்டிட்டுப் போ."

அவர்கள் போன பிறகு அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுடலை அவளை வென்றுவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கணவனின் பெயரைத் தன் கையாலேயே மூடினோம் என்பது அதுவரை அவள் மண்டையில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை போனபோது கேட்டாள்: "நர்ஸம்மா, கட்டு காஞ்சு புண்ணோட ஒட்டிக்கிட்டா நீ எப்படி எடுப்ப?"

"ஊறவைத்து எடுப்பேன். இழுத்தால் சதையும் சேர்ந்து வரும்."

"அப்ப தூணையும் ஊறப் போடு."

நான் மறுக்கவில்லை. யோசனையில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஜோமோள் பேசி, பொதுமராமத்து ஓவர்சியர் ரிஜினை வரவழைத்தாள். அரசாங்க ஆள் முன்னிலையில் எடுத்தால்தான் ஹியரிங்கில் செல்லும். செப்டம்பர் பதினேழு காலையில் ஜங்ஷனில் கூடினோம். செபமாலை பிளாஸ்டிக் நாற்காலியில், கால் ஒரு ஸ்டூல் மேல். சுடலை கையில் ஒரு கேன் கொண்டு வந்தார். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்.

"அஞ்சு நிமிசத்துல கழண்டுரும்" என்றார்.

"சுண்ணாம்பு கழலும். கூடவே சிமெண்டும் எழுத்தும் கழலும். தூரக் கொண்டுபோங்கள்" என்றேன்.

"பட்டாளத்துல நாங்க..."

"இது பட்டாளமில்லை, டிரெஸ்ஸிங். கேனை மூடுங்கள்."

ஏலக்காய்க் கடையிலிருந்து பழைய சணல் சாக்கு வாங்கி நனைத்துத் தூணில் சுற்றினோம். எந்தப் பக்கம் என்பதில் தகராறு. பெயர் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கும், எந்த ஊரிலும் அப்படித்தான் என்றார் சுடலை. செபமாலை, "அந்தப் பக்கம் இல்லடே, உன் பேக்கரிச் சுவத்தப் பாத்த பக்கம்" என்றாள். சுவரைப் பார்த்து யாராவது பெயர் எழுதுவார்களா என்று எல்லோரும் சிரித்தோம். நானும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சாக்கை நனைத்து, மறுநாள் மத்தியானம் ரோட்டுப் பக்கத்தைப் பிரித்து, மரக் கரண்டியால் தட்டி எடுத்தோம். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக வந்தது. அடியில் வெறும் ஆற்றுக்கல்.

ரிஜின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹியரிங்குக்கு இரண்டு நாள்தான். எழுத்து இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடலாமா என்று ஜோமோளைக் கேட்டார்.

"எலே சுடலை, கர்னலோட ஜீப்பு எங்க மாட்டுச்சு?" என்றாள் செபமாலை.

"பள்ளத்துல."

"பள்ளம் எங்க இருக்கு?"

சுடலை திரும்பிப் பார்த்தார். பள்ளம் அவருடைய பேக்கரிக்குப் பின்னால் இருக்கிறது. ஜீப் அந்த வழியாகத்தான் வந்தது. அப்போது ரோடு அந்தப் பக்கம்தான் போயிற்று. எண்பத்தாறில் ரோட்டை இந்தப் பக்கம் மாற்றிப் போட்டார்கள். பழைய ரோட்டின் மேல்தான் பேக்கரி நிற்கிறது. ஐம்பது வருஷம் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தவள் சொன்னதை, படித்தவர்கள் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அடுத்த நாள் முழுக்க ஊறவைத்தோம். சாக்கு உலராமல் பார்த்துக்கொண்டது சுடலைதான். பேக்கரியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். நான்கு மணிக்கு மேல் மூலையில் கரண்டியை நுழைத்து மெல்ல நெம்பினேன். ஒரு சாண் அகலத்துக்கு ஒரே பாளமாக வந்து கையில் விழுந்தது. அதன் ஓரத்தில் பூச்சுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காகத் தெரிந்தன. உள்பக்கத்தில் எழுத்துகள் இடம் வலம் மாறிப் புடைத்துக்கொண்டு நின்றன.

பலகையைப் பார்த்தேன். நேற்று எழுதியது போல இருந்தது. கரண்டி நுனி திரும்பிய இடத்தில் சிமெண்டு சுருண்டு நின்றது, அந்தச் சுருள்கூட உடையவில்லை.

"என்ன எழுதியிருக்கு? எனக்குத் தமிழ் வாசிக்கான் அறியில்ல" என்றார் ரிஜின். நான் வாசித்தேன். 'நம் பிள்ளைகள்' என்று மேலே. கீழே பிச்சைமணி, ஞானப்பிரகாசம், முத்துக்கருப்பன். கடைசிப் பாளம் பிடிவாதமாக இருந்தது. இன்னும் ஒரு வாளி ஊற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். செபமாலை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை. பாளம் விழுந்தது. சூசையப்பன், 1972. அதற்கும் கீழே, தோட்டத் தொழிலாளர்கள், 1973.

"எது அவுக பேரு?" என்றாள்.

அவள் விரலைப் பிடித்து வைத்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை தடவினாள். பிறகு இன்னொரு தடவை.

"இம்புட்டு நீளமா?" என்றாள். "கொத்தன் நல்லாத்தான் எழுதியிருக்கான்."

சுடலை ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார். எஸ்டேட் பாலத்தில் இதே கொத்தனார் இதற்கு இரண்டு வருஷம் முன்னால் வைத்த பலகை உண்டு. மழையில் கரைந்து இன்றைக்கு அது வழவழப்பான சிமெண்டுத் துண்டு. வருஷம்கூடத் தெரியாது. அதைச் சுடலையேதான் எடுத்துச் சொன்னார். "யக்கா, நீங்க மூடலேன்னா இதுவும் அந்தப் பாலத்துப் பலகை கணக்கா ஆயிருக்கும். நான் சொன்னது தப்பு."

"சார்ஜ்ஷீட்டு?"

"கிழிச்சாச்சு."

"லிஸ்ட்ட எடு. நாலாவது பேர எழுது. நான் பாக்கணும்."

அங்கேயே, ஸ்டாண்டில் நின்ற ஒரு ஜீப்பின் பானெட்டில் வைத்து எழுதினார். அவள் பலகையையும் காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்த பிறகுதான் உட்கார்ந்தாள். எழுத்து தெரியாதவள் செய்த சரிபார்ப்பு. ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள்.

ஹியரிங்கில் அதிக நேரம் ஆகவில்லை. ரிஜின் போட்டோக்களையும் எண்பத்தாறாம் வருஷத்து ரோட்டு வரைபடத்தையும் வைத்தார். தூண் 1973இல் கட்டியது, ரோடு பதின்மூன்று வருஷம் கழித்துத் தூணின் பக்கத்துக்கு வந்தது. "அப்போ சாரே, கையேற்றம் செய்தது ரோடு ஆணு" என்றாள் ஜோமோள். ஹாலே சிரித்தது. தூணைப் பெயர்த்து வேறிடத்தில் நடலாம் என்று ஒரு அதிகாரி சொன்னார்.

செபமாலை எழுந்து, "கல்லறைய யாருய்யா பேத்து நடுவாக? உங்க வீட்டுல அப்படி உண்டா?" என்று கேட்டாள். தூண் அதே இடத்தில் நிற்கும், அதைச் சுற்றி வட்டமாகத் திட்டு கட்டி வண்டிகளைச் சுற்றிப் போகச் செய்வது என்று தீர்மானமாயிற்று.

நவம்பரில் பெயர்ப் பலகையை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்குச் சுண்ணாம்பு அடித்தாள். பலகைக்கு என்ன செய்வது என்று ரிஜினைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நீர் இறங்காத பூச்சு ஒன்றை அவரே கொண்டுவந்து தடவினார். சங்கத்தின் கிரானைட் யோசனை நின்றுபோனது. இருக்கிற தூணை விட்டுவிட்டு இன்னொன்று எதற்கு என்று கமிட்டியில் சுடலையே பேசினாராம்.

அவள் கால் புண் ஆறிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆறவில்லை. செப்டம்பரில் நின்ற நிற்பில் இரண்டு வாரம் பின்னுக்குப் போயிற்று. திட்டினேன். தலையாட்டினாள்.

டிசம்பர் பதினாறு, 1971 போர் வெற்றி நாள். சங்கத்தார் முதல் முறையாகத் தூணின் முன்னால் அணிவகுத்தார்கள். பதினேழு பேர், எல்லோரும் மெடல் குத்தியிருந்தார்கள். சிலருக்குப் பழைய கோட்டில் பொத்தான் பூட்டவில்லை. இரண்டு புறமும் பஸ்ஸும் ஜீப்பும் புதிதாகக் கட்டிய திட்டைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. ஏலக்காய்க் கடைக்காரர்கள் கடையை விட்டு இறங்கி வந்து நின்றார்கள். செபமாலைக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டிருந்தது.

சுடலை விறைப்பாக நின்று பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சல்யூட். மூன்று பெயர் முடிந்தது. நான்காவதை வாசிக்கும்போது நெடுங்கண்டம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது.

"கேக்கல" என்றாள் செபமாலை. "இன்னொருக்கா வாசிடே."

"அணிவகுப்புல ரெண்டு தரம் வாசிக்க மாட்டாகக்கா" என்றார் சுடலை, உதடு அசையாமல்.

"நான் அம்பது வருசம் அடிச்சேன். நீ ரெண்டு தரம் வாசிக்கக் கூடாதா?"

பதினேழு பேரும் முன்னால் பார்த்தபடி நின்றார்கள். இரண்டு பேருடைய தோள் சிரிப்பில் குலுங்கியது. சுடலை நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, ஜீப் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "சிப்பாய் சூசையப்பன்!"

பதினேழு கையும் ஒரே நேரத்தில் நெற்றிக்கு ஏறின.